கொள்ளு விதை புரோட்டீன் டிரிப்சின்ல வெட்டவே மாட்டேங்குது, அதே டிரிப்சின்ல பிஎஸ்ஏ நல்லா வெட்டுது. எங்க பாக்கணும்?

விதைநெல்_92

எல்லாருக்கும் வணக்கம். பிஎச்டி ரெண்டாவது வருஷம், கொள்ளு விதை புரோட்டீன்ல வேலை பாக்குறேன். எங்க லேப்ல மாஸ் ஸ்பெக் (பெப்டைடோட எடைய அளந்து புரோட்டீன அடையாளம் காணுற மெஷின்) கிடையாது, இங்கயே டிரிப்சின்ங்கிற என்சைமால புரோட்டீன பெப்டைட் துண்டா வெட்டி, அதாவது டைஜெஸ்ட் பண்ணி உப்பு எடுத்து டிரை பண்ணி வெளிய ஒரு ஃபெசிலிட்டிக்கு அனுப்புறோம், சாம்பிளுக்கு இவ்வளவுன்னு காசு, அதனால ரிசல்ட் சரியில்லன்னா கைடு மூஞ்சிய பாக்க முடியல.

நான் பண்றது இதுதான். விதைய அரைச்சு ஹெக்ஸேன்ல கொழுப்பு எடுத்துட்டு, 50 மில்லிமோலார் டிரிஸ் பிஎச் 8, 150 மில்லிமோலார் உப்பு, 1 மில்லிமோலார் பிஎம்எஸ்எஃப் (விதையோட சொந்த புரோட்டீன் வெட்டுற என்சைம தடுக்க) போட்டு குளிர்ல ஒரு மணி நேரம் கலக்கி சென்ட்ரிஃப்யூஜ். மேல நிக்கிற தண்ணிய 4 மடங்கு குளிர் அசிட்டோன்ல ராத்திரி முழுக்க மைனஸ் 20ல வச்சு பெல்லட் எடுக்குறேன். பெல்லட்ட 50 மில்லிமோலார் அமோனியம் பைகார்பனேட்ல கரைச்சு பிராட்ஃபோர்ட்ல புரோட்டீன் அளவு பாத்து 100 மைக்ரோகிராம் எடுத்து, 95 டிகிரில 10 நிமிஷம் டிநேச்சர் பண்ணி ஆற விட்டு, டைசல்ஃபைட் பாலத்த உடைக்க டிடிடி 5 மில்லிமோலார் ரூம் டெம்பரேச்சர்ல அரை மணி நேரம், அப்புறம் உடைஞ்ச சிஸ்டீன் மறுபடி சேராம மூட அயோடோஅசிட்டமைட் 15 மில்லிமோலார் இருட்டுல அரை மணி நேரம், அப்புறம் டிரிப்சின் 1:50 (50 பங்கு புரோட்டீனுக்கு 1 பங்கு), 37 டிகிரில ராத்திரி பூரா. காலைல ஃபார்மிக் ஆசிட் போட்டு நிறுத்திடுவேன்.

ஃபெசிலிட்டில இருந்து வந்த ரிப்போர்ட்ல பாதிக்கு மேல பெப்டைட்ல மிஸ்டு க்ளீவேஜ் (டிரிப்சின் வெட்ட வேண்டிய இடத்துல வெட்டாம விட்டது), ஐடியும், அதாவது அடையாளம் கண்ட புரோட்டீனும், ரொம்ப கம்மி. சந்தேகப்பட்டு டைஜெஸ்ட்டுக்கு முன்னாடி பின்னாடி ரெண்டையும் ஜெல்ல ஓட்டினா, பின்னாடி எடுத்ததுலயும் 50 கேடிஏ கிட்ட பெரிய பேண்ட் அப்படியே உக்காந்திருக்கு. கூடவே வச்ச பிஎஸ்ஏ (மாட்டு ரத்த ஆல்புமின்) கன்ட்ரோல் மட்டும் சுத்தமா காணாம போயிடுச்சு, அதே வயல் டிரிப்சின், அதே நாள்.

டிரிப்சின 1:20 ஆக்கலாமா, இல்ல பிஎம்எஸ்எஃப் தான் டிரிப்சின கொல்லுதா? 95 டிகிரில வைக்கும்போது ட்யூப் லேசா வெள்ளையா கலங்குது, அதுவும் பிரச்சனையா? யாராவது விதை சாம்பிள் பண்ணவங்க இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

பைப்பெட்_பாண்டி

ப்ரோ முதல்ல பிஎச் பாருங்க. 1 மைக்ரோலிட்டர் எடுத்து பிஎச் பேப்பர்ல வைங்க, காசே இல்லாத டெஸ்ட், ஆனா பாதி பேர் பண்றதே இல்ல. 7.5ல இருந்து 8.5க்குள்ள இருக்கணும். அமோனியம் பைகார்பனேட் பழசா இருந்தா கார்பன் டை ஆக்சைடு போய் பிஎச் மேல ஏறிடும், அன்னன்னைக்கு கரைச்சுக்கோங்க. டிசிஏ (டிரைகுளோரோஅசிட்டிக் ஆசிட்) போட்டு ப்ரெசிபிடேட் பண்றவங்களுக்கு தலைகீழ் பிரச்சனை, ஆசிட் பெல்லட்ல ஒட்டிக்கிட்டு வந்து டிடிடி வேலை செய்யாது, டிரிப்சினும் வேலை செய்யாது, நீங்க வெறும் அசிட்டோன்தான்னு சொல்றீங்க, அதனால அந்த பயம் கம்மி.

டிரிப்சின எதுல கரைச்சு வச்சிருக்கீங்க? 50 மில்லிமோலார் அசிட்டிக் ஆசிட்ல கரைச்சு சின்ன சின்ன அலிக்வாட்டா மைனஸ் 80ல வைக்கணும், பிஎச் 8 பஃபர்ல கரைச்சு வச்சா அது தன்னைத்தானே வெட்டிக்கும். பிஎஸ்ஏ வெட்டுதுன்னா அதுவும் சரியாத்தான் இருக்கணும், சும்மா கேட்டேன்.

1:20 போட்டு பாருங்க, தப்பில்ல. காலைல ஒரு டோஸ் சாயங்காலம் ஒரு டோஸ்னு பிரிச்சு போட்டா இன்னும் நல்லது.

கண்ணாடிக்குடுவை

தம்பி, பாண்டி சொன்ன பிஎச் பேப்பர் விஷயம் சரி, ஆனா 1:20க்கு போறதுக்கு முன்னாடி நீ எந்த விதையில வேலை பாக்குறன்னு ஒரு தடவ யோசி. கொள்ளு! பச்சைக் கொள்ள மாட்டுக்குக் கூட வேகவச்சுத்தான் வைப்பாங்க. பருப்பு வகை விதை எல்லாத்துலயும் டிரிப்சின் இன்ஹிபிட்டர் (டிரிப்சின தடுக்குற புரோட்டீன்) இருக்கு, சோயால இருக்குறத குனிட்ஸ் 1945லயே கிரிஸ்டலா எடுத்துட்டாரு. கொள்ளுல இருக்குறது பௌமன்-பிர்க் வகை, சுமார் 8 கேடிஏ தான், ஆனா அந்த குட்டி சைஸுக்குள்ள 14 சிஸ்டீன், 7 டைசல்ஃபைட் பாலம். அது பூட்டுல உடைஞ்ச சாவி மாதிரி டிரிப்சினோட ஆக்டிவ் சைட்ல போய் மாட்டிக்கும். பிஎஸ்ஏ ட்யூப்ல அது கிடையாது, அதான் அங்க எல்லாம் சுத்தமா வெட்டுது.

கணக்கு போட்டு பாரு. 100 மைக்ரோகிராமுக்கு 1:50ன்னா 2 மைக்ரோகிராம் டிரிப்சின், 23 கேடிஏன்னு வச்சா ஏறக்குறைய 87 பிக்கோமோல். உன் சாம்பிள்ல இந்த இன்ஹிபிட்டர் வெறும் 1% இருந்தா 1 மைக்ரோகிராம், 8 கேடிஏ, அதாவது 125 பிக்கோமோல். நீ போட்ட டிரிப்சின் மொத்தத்தையும் பிடிச்சு வச்சுட்டு மிச்சமும் இருக்கும். 1:20 போட்டா 217 பிக்கோமோல் ஆகும், 1%க்கு தாங்கும், 2% இருந்தா மறுபடி தோத்துடும். சீக்வென்சிங் கிரேட் டிரிப்சின் 20 மைக்ரோகிராம் வயல் என்ன விலைன்னு தெரியும்ல, அத அள்ளிக் கொட்டி இத ஜெயிக்க பாக்குறது எனக்கு சரியா படல, ரிப்போர்ட்ல டிரிப்சினோட சொந்த பீக்தான், எடை 842.5லயும் 2211.1லயும், பளிச்சுன்னு நிக்கும்.

95 டிகிரி டிநேச்சர் பத்தி. சூடு பண்ணா மத்த புரோட்டீன் எல்லாம் விரியும், ஆனா இது ஏழு பாலத்தோட இறுக்கி கட்டினது, வெறும் கொதிக்கிறதுக்கு அசையாது, அசைஞ்சாலும் ஆறினதும் பழைய மாதிரி மடங்கிடும். அதே நேரம் உன் ஸ்டோரேஜ் புரோட்டீன் இருக்கே, விசிலின் மாதிரி, அது சூட்டுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், நீ சொன்ன வெள்ளைக் கலங்கல் அதாத்தான் இருக்கணும். டிரிப்சின் லைசின், ஆர்ஜினின்ல தான் வெட்டும், ஒட்டினதுக்குள்ள இருக்குற அது எதையும் டிரிப்சின் தொட முடியாது. அப்ப என்ன ஆகுதுன்னா, வெட்ட வேண்டியது வெட்ட முடியாத மாதிரி சுருண்டுக்குது, அவுக்க வேண்டிய இன்ஹிபிட்டர் மட்டும் முழுசா உயிரோட இருக்கு. டிடிடிய டிநேச்சரன்ட் இல்லாம ரூம் டெம்பரேச்சர்ல போட்டதுல அந்த ஏழு பாலமும் உடைஞ்சிருக்கும்னு நான் நம்பல.

பிஎம்எஸ்எஃப் மேல பழி போடாத. தண்ணில அதோட ஆயுசு ரொம்ப குறைச்சல், பிஎச் 8ல 25 டிகிரில பாதி ஆயுசு 35 நிமிஷம்தான், அதுவும் போக அசிட்டோன்ல கழுவியிருக்க. பல இன்ஹிபிட்டர் கலந்த ரெடிமேட் காக்டெய்ல் போட்டிருந்தா மட்டும் யோசிக்கணும், சில காக்டெய்ல்ல அப்ரோட்டினின் இருக்கும், அது ஒரு 6.5 கேடிஏ புரோட்டீன், அசிட்டோன்ல உன் பெல்லட்டோட சேர்ந்தே கீழ வரும்.

நான் சொல்றத நம்பாத, டெஸ்ட் பண்ணு. ஒரு ட்யூப்ல பிஎஸ்ஏ மட்டும், இன்னொண்ணுல பிஎஸ்ஏ கூட உன் கொள்ளு எக்ஸ்ட்ராக்ட் கொஞ்சம், ரெண்டுக்கும் அதே டிரிப்சின், ஜெல்ல ஓட்டு. ரெண்டாவதுல பிஎஸ்ஏ பேண்ட் மிச்சம் இருந்தா சாம்பிள்ல என்னமோ தடுக்குதுன்னு அர்த்தம். இன்னும் சீக்கிரம் வேணும்னா பேப்னான்னு ஒரு கெமிக்கல். அது டிரிப்சின் வெட்டினா மஞ்சளாகும், 410 நேனோமீட்டர்ல படிக்கலாம், உங்க காலேஜ்ல ஃபுட் சயின்ஸ் டிபார்ட்மென்ட் இருந்தா கண்டிப்பா ஒரு பாட்டில் வச்சிருப்பாங்க, பருப்புல இன்ஹிபிட்டர் அளக்குறதே அத வச்சுத்தான். மாஸ் ஸ்பெக்குக்கு வாங்குன டிரிப்சின இதுக்கு செலவு பண்ணாத, சாதா டிரிப்சின் போதும்.

விதைநெல்_92

அக்கா இது யாருமே சொல்லல, எல்லா ப்ரோட்டோகாலும் செல் லைனுக்கு எழுதினதா இருக்கு. பேப்னா கேட்டு பாக்குறேன். அப்ப யூரியாவுக்கு மாறினா போதுமா? யூரியா போட்டா கார்பமைலேஷன் வரும்னு எங்க சீனியர் பயமுறுத்துறாரு, அதனாலதான் சூடு பண்ற முறைக்கே வந்தோம்.

கண்ணாடிக்குடுவை

யூரியாவ சூடு பண்ணாத்தான் அந்த பிரச்சனை. அது உடைஞ்சு ஐசோசயனேட் வரும், அது லைசின்லயும் புரோட்டீன் சங்கிலியோட N-முனையிலயும் ஏறி 43 டால்டன் கூட்டும், லைசின்ல ஏறிட்டா டிரிப்சினும் அங்க வெட்டாது. அதனால அன்னைக்கே கரைச்ச யூரியா, 37 டிகிரிக்கு மேல போகவே கூடாது. 1 மில்லிக்கு 480 மில்லிகிராம் எடுத்து பஃபர கொஞ்சமா ஊத்தி கரைச்சு அப்புறம் 1 மில்லிக்கு கொண்டு வா, யூரியாவே நிறைய இடம் அடைச்சுக்கும். கரையும்போது ட்யூப் சில்லுன்னு ஆகும், அத பாத்துட்டு ஹாட் பிளேட்ல வைக்கிற பசங்கள நான் பாத்திருக்கேன், கைல பிடிச்சு உருட்டினாலே போதும்.

நானா இருந்தா இப்படி பண்ணுவேன். அசிட்டோன் பெல்லட்ட ரொம்ப காய விடாம, லேசா ஈரம் இருக்கும்போதே 8 மோலார் யூரியா, 50 மில்லிமோலார் டிரிஸ் பிஎச் 8ல 50 மைக்ரோலிட்டர்ல கரைப்பேன், காஞ்சு மொறமொறன்னு ஆன பெல்லட் எதுலயும் கரையாது. கரைஞ்சதும், டிடிடி போடுறதுக்கு முன்னாடியே, கொஞ்சம் எடுத்து நீர்க்க வச்சு அளந்துடணும், அளக்குற முறை பிசிஏவா இருந்தா டிடிடி வந்ததும் ரீடிங் கெட்டுடும். அப்புறம் டிடிடி 10 மில்லிமோலார் 37 டிகிரில ஒரு மணி நேரம். யூரியால விரிஞ்சு கிடக்கும்போது டிடிடிக்கு எல்லா பாலமும் கைக்கு எட்டும், ஏழும் உடையும். அப்புறம் அயோடோஅசிட்டமைட் 25 மில்லிமோலார் இருட்டுல அரை மணி நேரம், அதுக்கப்புறம் இன்னும் கொஞ்சம் டிடிடி போட்டு மிச்சத்த அணைச்சுடு, இல்லன்னா சிஸ்டீன் முடிஞ்சு லைசின் மேலயும் ஏறும். இந்த அயோடோஅசிட்டமைட் படி (ஆல்கைலேஷன்) உனக்கு மத்தவங்கள விட முக்கியம், ஏன்னா சிஸ்டீன் 14லயும் தொப்பி மாட்டின பிறகு யூரியாவ நீர்க்க வச்சாலும் இன்ஹிபிட்டர் மறுபடி மடங்கி டிரிப்சின பிடிக்க முடியாது, அதுவும் மத்த புரோட்டீன் மாதிரி வெட்டுப்படும். நீர்க்க வைக்கிறது இது எல்லாம் முடிஞ்ச பிறகுதான், அந்த வரிசைய மாத்திடாத.

லைஸ்-சி (லைசின்ல மட்டும் வெட்டுற என்சைம்) வாங்க காசு இருந்தா யூரியாவ 4 மோலாருக்கு இறக்கி 1:100ல 3 மணி நேரம் அத ஓட விட்டுட்டு அப்புறம் 1 மோலாருக்கு இறக்கி டிரிப்சின் 1:50 ராத்திரி பூரா. லைஸ்-சி யூரியாவுக்கு பயப்படாது, டிரிப்சினுக்கு 1 மோலார் பக்கம் வந்தாத்தான் நிம்மதி. லைஸ்-சி இல்லன்னா நேரா 1 மோலார். டிரிஸ்ல இருக்குறதால கால்சியம் குளோரைட் 1 மில்லிமோலார் போட்டுக்கலாம், டிரிப்சின் கொஞ்சம் நிலையா இருக்கும். பின்னாடி எப்படியும் சி18 (பெப்டைட்ட பிடிச்சு உப்ப கழுவி விடுற டிப்) வச்சு உப்பு எடுக்கப்போற, அப்புறம் எதுக்கு ஆவியாகுற பஃபர்தான் வேணும்னு அமோனியம் பைகார்பனேட்ட கட்டிக்கிட்டு அழணும்.

ஜெல்_ராணி

யூரியா எல்லாம் வேணாம்னு சொல்ற கட்சி நான் 😄 விதை சாம்பிளுக்கு எஸ்டிஎஸ் தான் ராஜா. எஸ்டிஎஸ் 2%ல டிடிடியோட 95 டிகிரில வச்சா விசிலினும் ஒட்டாது இன்ஹிபிட்டரும் அவுந்துடும், ஐசோசயனேட் கதையே கிடையாது. பிரச்சனை என்னன்னா எஸ்டிஎஸ் டிரிப்சினுக்கும் ஆகாது மாஸ் ஸ்பெக்குக்கும் ஆகாது, துளி மிஞ்சினாலும் சிக்னல் படுத்துடும் ஃபெசிலிட்டிக்காரங்க காலம் பூரா திட்டுவாங்க, அதனால முழுசா எடுக்க ஒரு வழி வேணும். எஸ்பி3 (புரோட்டீன பிடிச்சு வச்சு கழுவ உதவுற காந்த மணி) இருந்தா அது, இல்ல 30 கேடிஏ ஃபில்டர்ல யூரியா ஊத்தி ஊத்தி கழுவுற எஃப்ஏஎஸ்பி (2009ல வந்தது, இன்னும் ஓடுது), ரெண்டும் இல்லன்னா குளோரோஃபார்ம்-மெத்தனால்.

ஃபில்டர் முறையில ஒரு விஷயம் கவனிங்க, 8 கேடிஏ இன்ஹிபிட்டர் பெரும்பாலும் ஃபில்டர் வழியா கீழ போயிடும். டிரிப்சினுக்கு நல்லது, ஆனா உங்க வேலையே அந்த இன்ஹிபிட்டர்தான்னா ரிப்போர்ட்ல அதையே காணோம்னு தேடுவீங்க.

காசு எதுவுமே இல்லன்னா ஜெல்லு இருக்கே. எஸ்டிஎஸ் ஜெல்ல ஓட்டிட்டா இன்ஹிபிட்டர் தனியா அடில போயிடும், மேல பேண்ட வெட்டி இன்-ஜெல் டைஜெஷன் பண்ணலாம். 1 மில்லிமீட்டர் துண்டா வெட்டி, அசிட்டோநைட்ரைல்ல வெள்ளையா சுருங்குற வரைக்கும் வச்சு, டிரிப்சின ஐஸ் மேல வச்சே ஊற விடணும், சூட்டுல போட்டா உள்ள போறதுக்குள்ள வெளியவே தன்னைத்தானே தின்னுடும். ஜெல்லு வேலைன்னா கெரட்டின் பயம் உண்டு, ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வந்து ஜெல் மேல குனிஞ்சு பாக்காதீங்க. ஸ்டெய்னிங் டப்பாவ வெஸ்டர்ன் பிளாட் பண்றவங்களோட பகிர்ந்துக்காதீங்க, அவங்க ட்வீன் ஊத்துவாங்க, உங்க ஸ்பெக்ட்ரம்ல 44 டால்டன் இடைவெளில படிக்கட்டு மாதிரி பீக் வரிசையா நிக்கும்.

கண்ணாடிக்குடுவை

ராணி சொல்றது நல்ல வழிதான், மறுக்கல, ஆனா எஸ்பி3 மணி, ஃபில்டர் எல்லாம் ஆர்டர் போட்டு வர்றதுக்கு மாசக்கணக்குல ஆகுற லேப்தான் இங்க நிறைய. யூரியா எல்லா அலமாரிலயும் இருக்கு. முதல்ல அத பண்ணட்டும்.

விதைநெல்_92

அப்டேட். பிஎச் 8 தான், அங்க ஒண்ணும் இல்ல. பக்கத்து டிபார்ட்மென்ட்ல பேப்னா கிடைச்சுது. டிரிப்சின் மட்டும் போட்டா பத்து நிமிஷத்துல நல்ல மஞ்சள், எக்ஸ்ட்ராக்ட் போட்ட ட்யூப் கிட்டத்தட்ட தண்ணி மாதிரியே நிக்குது. எக்ஸ்ட்ராக்ட்ட 95 டிகிரில வச்சு ஆற வச்சு போட்டாலும் அதே தண்ணிதான், அக்கா சொன்ன மாதிரி சூட்டுக்கு அது அசையவே இல்ல. பிஎஸ்ஏவோட எக்ஸ்ட்ராக்ட் கலந்த ட்யூப்லயும் பிஎஸ்ஏ பேண்ட் போகல.

அப்புறம் 8 மோலார் யூரியா, டிடிடி 37 டிகிரில, அயோடோஅசிட்டமைட், நீர்க்க வச்சு டிரிப்சின் 1:50. லைஸ்-சி இல்ல. ஜெல்ல 50 கேடிஏ பேண்ட் காணோம், லேன் முழுக்க சுத்தம், அடில மட்டும் லேசா ஒரு புகை மாதிரி. கைடு ஜெல் படத்த வாங்கி வச்சுக்கிட்டாரு.

இன்னும் ரெண்டு கேள்வி. யூரியால கரைக்கும்போது பெல்லட் பழுப்பா இருக்கு, சி18 டிப்லயும் அந்த கலர் ஒட்டிக்குது, இது என்ன? அப்புறம் டிரை பண்ண பெப்டைட்ட கூரியர்ல அனுப்ப டிரை ஐஸ் கண்டிப்பா வேணுமா, இங்க கிடைக்கிறது கஷ்டம்.

பைப்பெட்_பாண்டி

1:20 சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன் ப்ரோ 🙏 கூரியர் பத்தி எனக்கு தெரியும். முழுசா காஞ்ச பெப்டைட்னா ரெண்டு மூணு நாள் ரூம் டெம்பரேச்சர் பயணம் பெரிய பாதிப்பு இல்ல, லோ-பைண்ட் ட்யூப்ல வச்சு மூடிக்கு பாராஃபில்ம் சுத்தி ஜிப் கவர்ல சிலிகா ஜெல்லோட போட்டு அனுப்புங்க. ஈரத்தோட அனுப்பாதீங்க, அதான் கெடுக்கும். திங்கக்கிழமை அனுப்புங்க, வெள்ளிக்கிழமை அனுப்பினா ஞாயித்துக்கிழமை பூரா ஏதாவது குடோன்ல வெந்துக்கிட்டு இருக்கும்.

கண்ணாடிக்குடுவை

பழுப்பு கலர் பாலிஃபீனால். கொள்ளு தோல்ல டானின் ஜாஸ்தி. அது புரோட்டீனோட ஒட்டும், சி18லயும் ஒட்டும், பிராட்ஃபோர்ட் ரீடிங்கையும் ஏமாத்தும், அதனால நீ 100 மைக்ரோகிராம்னு நினைச்சது எவ்வளவுன்னு யாருக்கு தெரியும். அரைக்கிறதுக்கு முன்னாடி தோல எடுத்துடு, உடைச்சு புடைச்சா போயிடும், பாதி கலர் அதுலயே குறையும். மிச்சத்துக்கு எக்ஸ்ட்ராக்ஷன் பஃபர்ல பிவிபிபி 1-2% போட்டு கலக்கு, அது டானின பிடிச்சுக்கிட்டு சென்ட்ரிஃப்யூஜ்ல கீழ போயிடும். அதுக்கும் அடங்கலன்னா ஃபீனால் எக்ஸ்ட்ராக்ஷன்தான், நாத்தம் தாங்கணும்.

உன் எக்ஸ்ட்ராக்ட்ல ஒரு லெக்டினும் (சர்க்கரையோட ஒட்டுற புரோட்டீன்) கிடைக்கும் பாரு, பழைய பேர் டாலிகோஸ் பைஃப்ளோரஸ்னு போட்டு பிளட் பேங்க்ல ஏ1, ஏ2 ரத்த வகைய பிரிக்க வச்சிருப்பாங்களே, அது கொள்ளுல இருந்து எடுத்ததுதான். அதோட பெப்டைட் ஐடில வந்துச்சுன்னா வெட்டு நல்லா விழுந்திருக்குன்னு ஒரு நம்பிக்கை.

ஃபெசிலிட்டிக்கு எழுதும்போது கார்பமிடோமெத்தில் சிஸ்டீன் (அயோடோஅசிட்டமைட் மாட்டின தொப்பி) ஃபிக்ஸட், மெத்தியோனின் ஆக்சிடேஷன் வேரியபிள், மிஸ்டு க்ளீவேஜ் 2 வரைக்கும்னு சொல்லு. ஒரு தடவ மட்டும் கார்பமைலேஷனையும் வேரியபிளா போட்டு தேடச் சொல்லு, உன் சீனியருக்கு காட்ட நம்பர் கிடைக்கும். டேட்டாபேஸ் வெறும் கொள்ளுன்னு குடுத்தா யூனிப்ராட்ல (பொது புரோட்டீன் டேட்டாபேஸ்) ரொம்ப கொஞ்சம்தான் இருக்கும், பருப்புக் குடும்பம் மொத்தத்தையும் குடு, கூட கெரட்டின் டிரிப்சின் எல்லாம் இருக்குற கன்டாமினன்ட் லிஸ்ட்டையும் சேர்க்கச் சொல்லு. போன தடவ ஐடி கம்மியா வந்ததுக்கு டேட்டாபேஸும் ஒரு காரணமா இருக்கலாம், பழைய ரா ஃபைல் அவங்ககிட்ட இருந்தா அதையும் மறுபடி ஒரு தடவ தேடச் சொல்லு, அதுக்கு பெரும்பாலும் தனியா காசு கேக்க மாட்டாங்க.